தூளியில் கிடந்த வெள்ளரி

"கண்ணை மூடினா மகன் முகந்தானுங்கம்மா வருது. தியானமெல்லாம் நமக்கு ஆகாது போல. வீட்டுக் குடில்ல வெள்ளரிக் கொடியும் காய்க்கிறதை நிறுத்திருச்சு."

"தியானமா, கொடியா, எது முதல்ல நின்னுச்சு?" என்று கேட்டார் அருளம்மை.

தருமலிங்கம் தலையைச் சொறிந்தார்.

அருளம்மை வயசில் அவருக்கு மகளாக இருக்கலாம். ஆனாலும் கோத்தகிரிப் பக்கம் மனசு கனத்தவர்கள் தியானம் பழக அருளம்மையைத்தான் தேடிப் போவார்கள். அதிகம் பேசமாட்டார். பேசிவிட்டாலோ, கேட்டவருக்குத் தூக்கம் போச்சு.

"கொடியைப் பார்க்கலாம் வாங்கண்ணா" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னால் மூங்கில் நட்டு, பிளாஸ்டிக் தாள் போர்த்திய சின்னக் குடில். கோடை முடிகிற நேரம். உள்ளே தக்காளி சிவந்திருந்தது, மிளகாய் பழுத்திருந்தது. தருமலிங்கத்தின் மனைவி பூவாத்தாள் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வெள்ளரிக் கொடியில் மட்டும் பூ இல்லை, பிஞ்சு இல்லை. ஒரே ஒரு காய், அதுவும் மஞ்சளாகப் பழுத்துப்போனது. கனம் தாங்காமல் கொடி அறுந்துவிடக் கூடாதென்று, பழைய வேட்டித் துணியில் தூளி கட்டி அதில் கிடத்தியிருந்தார் மனுஷன்.

"இது யாருக்கு?"

"முகிலனுக்குங்க. கனடாவுல இருந்து சித்திரையில வர்றேன்னான். அப்புறம் வைகாசின்னான். வைகாசியும் போகப்போகுது, இப்ப போனே இல்லை. சின்ன வயசுல வெள்ளரின்னா உசுரை விடுவான். முதல் காய் அவனுக்குன்னு விட்டுவெச்சேன்."

"முத்தின காயை விட்டுவெச்சா கொடி அடுத்த பூ எடுக்காதே. தெரியாதா?"

"தெரியாம என்னங்க, பரம்பரையா வெவசாயந்தான். தினமும் கத்தியோடதான் வர்றேன். இதைப் பறிச்சுட்டா அவன் வரமாட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமில்லைங்களா. கை வரமாட்டேங்குது."

பெற்ற மனசு, அவர் என்ன செய்வார்.

அருளம்மை பூவாத்தாள் பக்கம் திரும்பினார்.

"அக்கா, முகிலன் வெள்ளரியை எப்படித் தின்பான்?"

பூவாத்தாள் குடத்தைக் கீழே வைத்தார்.

"அவன் எங்கீங்க தின்னான்? இவருகிட்ட அடம்பிடிச்சுப் பறிச்சுக்கிட்டு அடுப்படிக்கு ஓடி வருவான். உப்புத் தொட்டு எனக்கு ஊட்டிவிட்டுட்டு விளையாடப் போயிருவான். அவனுக்கு வெள்ளரி அவ்வளவா பிடிக்காதுங்க."

"பின்னே ஏன் கேட்டான்?"

"நான் வாயைத் திறந்து கேட்கமாட்டேன்னு அவனுக்குத் தெரியும்."

தருமலிங்கம் மனைவியைப் பார்த்தார். இந்தக் கொடிக்கு விதை போட்ட நாளிலிருந்து தண்ணீர் சுமந்தவர் பூவாத்தாள்தான்.

பிறகு குனிந்து தூளியின் முடிச்சை அவிழ்த்தார். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தார். காம்பு ஒரே வெட்டில் விட்டுவிட்டது.

"பழுத்துப் போச்சுங்க. புளிக்கும்" என்றார் பூவாத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார்.

அருளம்மை அதற்குள் படலைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். பாதி வழியில் தருமலிங்கத்தின் குரல் அவருக்குக் கேட்டது.

"பூவாத்தா, உப்பு எங்கே வெச்சிருக்கே?"