அளவு ஜாக்கெட்

சிற்றாற்றங்கரையில், மருத மரங்களுக்கு நடுவே ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரத்தையும் குளத்தையும் நினைத்துவிட வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு கூடம், பின்னால் ஒரு சமையலறை, முன்னால் ஒரு கிணறு, அவ்வளவுதான். அங்கே இருந்தவரை ஊரார் மருதடிச் சாமி என்றார்கள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சீடர் என்று அவர் யாரையும் சேர்த்துக்கொண்டதில்லை. வந்து உட்கார்ந்தவர்களை எழுந்து போகச் சொன்னதுமில்லை.

அப்படி வந்து உட்கார்ந்தவர்களில் உலகம்மாள்தான் மூத்தவள். சாமியைவிட இருபது வயது பெரியவள். தென்காசியில், கோவிலுக்குத் தெற்கே ஒரு தெருவில் தனியாக இருந்தாள். வீட்டில் அவளும், காலால் மிதித்துத் தைக்கும் ஒரு தையல் மிஷினும்தான்.

புதுத் துணியை அவள் தொடமாட்டாள். கடைக்காரன் கிழித்துக் கொடுப்பதை வெட்டித் தைக்க ஒரு ஆள் வேண்டுமாக்கும் என்பாள். அவளுக்கு வேண்டியது நைந்த புடவை, ஜன்னல் திரை, கம்பி ஒடிந்த குடையின் துணி, பெட்டியடியில் மக்கிக்கொண்டிருக்கும் எட்டு முழ வேட்டி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எந்த இடம் தாங்கும், எந்த இடம் தாங்காது என்று பார்ப்பாள். புடவைக் கரை சட்டைக்குக் கழுத்துப்பட்டியாகும். திரைத்துணி பாவாடையாகும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றார்கள், இவள் கந்தையைக் கொண்டு கல்யாணத்துக்கே தைத்துவிடுவாள் என்று தெருவில் கேலி பேசினார்கள். பேசியவர்களே பழந்துணி மூட்டையை அவள் வாசலில் வைத்துவிட்டும் போனார்கள்.

தைப்பதைவிடப் பிரிப்பதில் அவளுக்கு ருசி அதிகம். பிளேடை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு பழைய தையலை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு போவாள். வெளியில் வெளுத்துப் போயிருக்கும் துணி, தையலுக்குள் மடிந்து கிடந்த இடத்தில் மட்டும் கடையில் வாங்கிய அன்றைய நிறத்திலேயே இருக்கும். அதைக் காணும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷம் பொங்கும். யாரிடமாவது காட்டலாமென்று தலை நிமிர்ந்து பார்ப்பாள். வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அவளுக்கு ஒரே மகள், சண்பகம். தானே பார்த்துப் பிடித்த ஒருவனைக் கட்டிக்கொண்டு வடக்கே நாசிக்குக்குப் போய்விட்டாள். இந்த வாசலை மிதிக்காதே என்று அன்றைக்கு அப்பா சொன்னார். அவள் மிதிக்கவில்லை. சொன்னவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தச் சொல்லும் அவரோடு போயிருக்க வேண்டும், போகவில்லை. தாயும் மகளும் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவார்கள். சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா, பிள்ளைக்குச் சளி தேவலையா. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. வா என்று இவள் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவள் கேட்கவில்லை. உலகம்மாளிடம் இருந்தது ஒரு பட்டன் போன். அதில் குரல் மட்டும்தான் வரும்.

வாயால் சொல்ல வராததையெல்லாம் அவள் தைத்து அனுப்பினாள். பொங்கலுக்கு ஒரு பார்சல், தீபாவளிக்கு ஒரு பார்சல், இடையில் மனசு கேட்காமல் இன்னொன்று. தன் கல்யாணப் புடவையைக்கூட வெட்டி மகளுக்கு ஜாக்கெட்டாக்கினாள். மகள் விட்டுப்போன அளவு ஜாக்கெட் ஒன்று பீரோவில் இருந்தது. அதைத் துணிமேல் பரப்பி, ஓரம் பிசகாமல் சாக்கட்டியால் வரைந்து, நூல் அளவு கூடாமல் குறையாமல் தைப்பாள். அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்பகம், இனிமேல் துணி அனுப்ப வேண்டாம் அம்மா, பெட்டி நிறைந்துவிட்டது என்றாள். போட்டுப் பார்த்தாயா என்று உலகம்மாள் கேட்டாள். சண்பகம், பிள்ளை கூப்பிடுகிறான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு மூடிய மிஷினை உலகம்மாள் திறக்கவில்லை. காலையில் எழுந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு ஆளுக்குச் சோறு பொங்க எவ்வளவு நேரம் ஆகும். மிஷின் சத்தம் இல்லாத வீட்டில் சுவர்க்கடிகாரத்தின் சத்தம் இத்தனை பெரிது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மகளோடு இருந்த ஒரே நூலும் அறுந்துபோனதென்றே நினைத்தாள். இனி அவளுக்கென்று எதைத் தைப்பது, எந்தச் சாக்கில் அவளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று விளங்கவில்லை.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் மடத்துக்குப் போனாள். சாமி கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். பழந்துணிக்கு மதிப்பு உண்டா, கிடையாதா?"

"யாருக்கிட்ட?"

"எம் மககிட்ட" என்றாள்.

நடந்ததைச் சொன்னாள். மகள் பெரிய ஊரில் இருக்கிறாள், அங்கே நாலு பேர் நடுவில் பழந்துணியில் தைத்ததைப் போட வெட்கமாக இருக்கும், அதுதான் காரணம் என்றாள். கடையில் புதுத் துணி எடுத்துத் தைத்து அனுப்பினால் வாங்கிக்கொள்வாளோ என்றும் கேட்டாள். ஆனால் புதுத் துணியில் தைக்கத் தனக்கு மனசு ஓடாது என்றும் அவளே சொன்னாள்.

சாமி கீரைத்தண்டை ஒடித்து முறத்தில் போட்டார்.

"சாரல் தொடங்கிட்டு. எனக்கும் குளிருது. ஒரு சட்டை தைச்சுத் தாங்கம்மா" என்றார்.

உள்ளே போய் ஒரு பழைய காவிப் போர்வையைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே தகரப்பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டையை எடுத்தார்.

"இதுதான் அளவு. இதே அளவுக்குத் தைங்க."

"யாரோடது சாமி?"

"என்னோடதுதான். முதன்முதலா இங்க வந்தப்போ போட்டிருந்தேன்."

வீட்டுக்கு வந்து மிஷினைத் திறந்து எண்ணெய் விட்டாள். போர்வையை விரித்து அதன்மேல் நீலச் சட்டையைப் பரப்பினாள். பரப்பியதும் கை நின்றுவிட்டது. அது ஒரு பொடிப் பையன் சட்டை. கழுத்து இத்தனூண்டு. மார்பளவைப் பார்த்தால், அந்தக் காலத்தில் அவர் சரியாகச் சாப்பிட்டிருக்கவே மாட்டார் என்று தோன்றியது. இதைப் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்து தனியாக வந்து நின்ற பையனுக்கு அன்றைக்கு யார் சோறு போட்டார்களோ என்று நினைத்து, அவள் கண் கலங்கியது.

குரு சொல்லைத் தட்டக்கூடாது. அது அவளுக்குத் தெரியும். இரண்டு தடவை கத்தரியை எடுத்தாள், இரண்டு தடவையும் கீழே வைத்தாள். நல்ல கனத்த போர்வை. சேராத அளவுக்கு அதை வெட்டிப் பாழாக்க அவளுக்குக் கை வரவில்லை. கடைசியில் நீலச் சட்டையை மடித்து ஓரமாக வைத்துவிட்டாள்.

மறுநாள் மடத்துக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாள். சாமி கூட்டிப் பெருக்கினார், தண்ணீர் இறைத்தார், எட்டி வாழையிலை அறுத்தார். அவள் கண் அவர் முதுகிலேயே இருந்தது. குடம் சுமந்து சுமந்து இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. கையோ நீளம். கஞ்சிதான் குடிக்கிறேன் என்பவருக்கு எங்கிருந்தோ ஒரு சின்னத் தொந்தியும் விழுந்திருந்தது. எல்லாவற்றையும் மனசில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய் வெட்டினாள்.

சட்டை தயாரானதும் கொண்டுபோய்க் கொடுத்தாள். சாமி வாங்கிப் போட்டுக்கொண்டார். கையைத் தூக்கினார், குனிந்தார், நிமிர்ந்தார், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எங்கும் இழுக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. இறங்கிய தோளுக்கு இறக்கி வெட்டியிருந்ததால் சட்டை நேராக நின்றது. உலகம்மாளுக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

சாமி சட்டையின் கையைத் தடவிப் பார்த்தார்.

"நான் கொடுத்த அளவு இது இல்லையே."

பெருமை போன இடம் தெரியவில்லை. "மன்னிக்கணும் சாமி" என்றாள்.

"ஏன் மாத்தினீங்க?"

"அது உங்க சின்ன வயசுச் சட்டைல்லா. அந்த அளவுக்குத் தைச்சா உங்களுக்குக் கையே நுழையாது."

"அது என்னோட சட்டைதான்னு சொன்னேனே."

"உங்களோடதுதான் சாமி, நான் இல்லேங்கல. மனுசன்னா வளரமாட்டானா? கண்ணு முன்னால ஆள் இருக்கும்போது, பொட்டில கிடக்க சட்டையையா நம்பிக்கிட்டு..."



கொடுப்பதற்காக மடியில் வைத்திருந்த நீலச் சட்டையைப் பார்த்தாள். தான் சொன்னது தன் காதிலேயே திரும்ப விழுந்ததுபோல் இருந்தது அவளுக்கு. வெளியே ஆற்றில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. அவள் தலை நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"எம் மக வீட்டை விட்டுப் போனப்போ கொடியில காய்ஞ்ச ஜாக்கெட் சாமி, நான் அளவுக்கு வச்சிருக்கது" என்றாள். "அப்போ அவ காலேஜ் படிச்சிக்கிட்டிருந்தா. துரும்பு மாதிரி இருப்பா. அதுக்கப்புறம் ஒரு பிள்ளையும் பெத்துட்டா. நான் அத்தனையும் அதே அளவுக்குத் தைச்சு அனுப்பியிருக்கேன்."



கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. சேரவில்லை என்று சண்பகம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் வாங்கி வாங்கிப் பெட்டியில் வைத்தாளே, அது என்ன நெஞ்சழுத்தம் என்றாள். துணி வேண்டாமென்று நினைத்திருந்தால் யாருக்காவது கொடுத்திருப்பாள், கொடுக்கவும் இல்லை, போடவும் இல்லை என்றாள். சொல்லச் சொல்லவே கோபம் அடங்கிவிட்டது.

"சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் சாமி. பக்கத்துல ஒரு தையலைப் பிரிச்சு விட்டுக்கோன்னு சொல்லியிருப்பேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. காலேஜில் படித்த அந்தத் துரும்புபோன்ற பெண்தான் இத்தனை நாளும் நினைவில் உலகம்மாளோடு வீட்டில் இருந்தாள். அவளுக்குத்தான் இவள் தைத்தாள், அவளோடுதான் பேசினாள். நாசிக்கில் இருப்பவள் யார் என்று யோசித்துப் பார்த்தால் ஒரு குரல் மட்டும்தான் இருந்தது.

"இப்ப அவ எப்படி இருக்கான்னே எனக்குத் தெரியாது" என்றாள். "தடிச்சிருக்காளா, மெலிஞ்சிருக்காளா, தலைமுடி இருக்கா, கொட்டிப்போச்சா, ஒண்ணுமே தெரியாது சாமி. பெத்தவ நான். எனக்குத் தெரியாது."

சாமி அவள் மடியிலிருந்த நீலச் சட்டையை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"தெரியாதுன்னு அவகிட்ட என்னைக்காவது சொல்லியிருக்கீங்களாம்மா?"

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று உலகம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.