சாய்கோடு

வக்கீல் உமையாளுக்குப் பார்வை போனது ஐம்பது வயதுக்கு மேல். கட்சிக்காரர்களில் பாதிப் பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். மீதிப் பேரின் வழக்குக் கட்டுகளை ஜூனியர்கள் வாசித்துக் காட்டினார்கள். எந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு வாசிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தன் கட்டைத் தானே வாசித்தாக வேண்டும் என்று, தேவகோட்டையில் பார்வையற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் செல்வினிடம் போய்ச் சேர்ந்தார்.

செல்வினுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. உமையாள் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் உமையாள் அவரை மாஸ்டர் என்றே அழைத்தார்.

திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை செல்வின் முதல் நாளே போட்டுக் கொடுத்தார். தயாராகக் கிடைப்பது, இலவசம். கொஞ்ச நாளில் அது கைக்குப் பழகிவிட்டது. அப்போது அதன் மூலநிரலை, அதாவது அதை எழுதியவர்கள் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டு வைத்திருந்த வரிகளை இறக்கிக்கொண்டு, அதிலிருந்து அதே மென்பொருளை உருவாக்கச் சொன்னார்.

"ஓடிக்கிட்டு இருக்கிறதை எதுக்கு மாஸ்டர் மறுபடி உருவாக்கணும்?"

"கட்டளையை அடிங்க வக்கீலம்மா."

அடித்தார். பாதியில் நின்றது. ஏதோ துணைக்கோப்பு இல்லையாம். அதைத் தேடிப் போட்டால், அதற்கு இன்னொன்று வேண்டும் என்றது. அதையும் போட்டால், இது பழைய பதிப்பு, புதியதைக் கொண்டு வா என்றது. தாலுகா ஆபீசில் பட்டாவுக்கு அலைகிற மாதிரிதான். பிழைச் செய்திகள் மளமளவென்று ஓடும். கடைசி வரியைக் கேட்டுவிட்டுக் குழம்புவார். முதல் பிழையைக் கேளுங்கள், மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தவை என்றார் செல்வின். அதோடு சரி. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கீபோர்டைத் தொடவில்லை.

உமையாள் வீம்புக்காரர். கீழ்க்கோர்ட்டில் தோற்ற வழக்குகளை மேலே கொண்டுபோய் ஜெயித்தவர். கோர்ட் முடிந்ததும் நேரே வந்து உட்கார்ந்தார். கடைசியில் ஒரு சாயங்காலம் தடங்கலில்லாமல் ஓடி முடிந்தது. திறந்து பார்த்தார். அதே குரல், அதே வேகம். அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அடுத்து வந்தது கருப்பாயி என்கிற கட்சிக்காரரின் நில வழக்கு. அவருக்கு இருந்தது அந்த ஒரு வயல்தான். கட்டு முழுவதையும் கணினியில் ஏற்றி, தான் உருவாக்கிய மென்பொருளில் உமையாள் தானே கேட்டுத் தயாரானார். கோர்ட்டில் எழுந்து, நானூற்றுப் பன்னிரண்டாம் சர்வே எண் என்று தொடங்கினார். அப்படி ஓர் எண் அந்த ஊரிலேயே இல்லை என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். தாளில் இருந்தது 41/2. நடுவில் இருந்த சாய்கோட்டைக் குரல் விழுங்கியிருந்தது.

நீதிபதி கோபிக்கவில்லை. சிரமமாக இருந்தால் கட்சிக்காரரை வேறு வக்கீல் வைத்துக்கொள்ளச் சொல்லலாமே என்று தணிந்த குரலில் கேட்டு, வாய்தா கொடுத்தார். அந்தக் கனிவுதான் உமையாளைச் சுட்டது.  வராந்தாவில் கருப்பாயி உமையாளின் கையைப் பிடித்துப் படியிறக்கி விட்டார்.

உமையாள் நேரே செல்வினிடம் வந்து நடந்ததைச் சொன்னார். தயாராகக் கிடைத்ததும் அப்படித்தான் விழுங்குகிறது, அதையும் கேட்டுப் பார்த்துவிட்டேன் என்றார். எழுதியவர்களுக்குத் தெரிவிக்கலாம், என்றைக்காவது சரிசெய்வார்கள் என்றார் செல்வின்.

"வாய்தா அடுத்த வாரம், மாஸ்டர்."

"அப்போ நீங்க உருவாக்கினதை நீங்க திருத்துங்க."

 உமையாள் மடிக்கணினியைத் திறந்து மூலநிரல் இருந்த இடத்துக்குப் போனார். கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. முடிகிற வழியாக இல்லை.

"எந்த வரியில தப்புன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

"எனக்குத் தெரியாது வக்கீலம்மா."

செல்வின் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆனா ஒரு வரியைக்கூட யாரும் பூட்டி வைக்கலையே."