படத்துல பேஞ்ச மழை

ராஜா கதையில கம்ப்யூட்டர் எப்படி வந்துச்சுன்னு கேக்கக்கூடாது. பறக்குற குதிரைய நம்புன ஆளுங்கதானே நீங்க?

மாறவேள் ராஜா சபையில, மந்திரி தாண்டவராயர் பெரிய திரையில மழைப்படம் காட்டுனார். கொட்டித் தீத்த எடமெல்லாம் கருநீலம். கொறஞ்ச எடம் வெளிர்நீலம். ஒரே அளவு பேஞ்ச ஊரையெல்லாம் இழுத்துக் கோத்து வளைகோடு. பட்டுச்சேலை கணக்கா மின்னுச்சு.

ராஜா சொக்கிப்போயிட்டார். "அட, முள்ளூர் நாடும் நீலமால்ல இருக்கு! அப்புறம் அங்க எதுக்குய்யா கஞ்சித்தொட்டி? நாளைக்கே மூடிருங்க."

சபையில விகடம் பேசுற மாடத்திக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவ பொறந்த மண்ணு முள்ளூர். ரெண்டு வருசமா அங்க பொட்டு மழை இல்ல. தொட்டிய மூடுனா சனம் சாகும்.

"மந்திரியாரே, முள்ளூர்ல எத்தன மழைமானி வச்சிருக்கீக?"

"ஒண்ணும் கெடையாது. மேக்க மலையில ஒண்ணு, கெழக்க கடக்கரையில ஒண்ணு. ரெண்டு எடத்துலயும் நல்ல மழை. நடுவுல உள்ளதுக்குக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு நீலம் பூசிரும். ஒனக்கெல்லாம் இது புரியாது, வாயாடி."

"எனக்குப் புரியுது சாமி. வானத்துக்குத்தான் புரிய மாட்டேங்குது."

சபை கொல்லுன்னு சிரிச்சுது. ராஜா மொறச்சார். "படம் தப்புன்னா நிரூபி. இல்ல, வாய மூடு."

"சரி மகாராஜா. இன்னைக்கு மத்தியானப் பந்தி என் பொறுப்பு."

பந்தியில ராஜா நடுவுல. ஒரு பக்கம் மந்திரி, மறுபக்கம் தளபதி. மந்திரி இலையில பன்னெண்டு பணியாரம் விழுந்துச்சு. தளபதிக்கு எட்டு. ராஜா இலையில தண்ணி தெளிச்சதோட சரி. நெய் வாசம் மூக்கத் தொளைக்குது. மந்திரி தின்னு முடிச்சு ஏப்பமே விட்டாச்சு.

"ஏ மாடத்தி, எனக்கு எங்க?"

"மகாராஜாதான் பத்து சாப்ட்டாச்சே!"

"நானா? எப்ப?"

"இந்தப் பக்கம் பன்னெண்டு, அந்தப் பக்கம் எட்டு. மந்திரியார் கணக்குப்படி நடுவுல உள்ளவருக்குப் பத்து. இன்னும் பசிச்சா சொல்லுங்க, வயித்துல நீலம் பூசி விடுறேன்."

மந்திரிக்கு விக்கல் எடுத்துச்சு. ராஜா வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சார், பசியோடயே.

"தொட்டிய மூட வேணாம், இன்னும் ரெண்டு தெறங்க! முள்ளூர்ல ஒரு மழைமானி வைங்க. தாண்டவராயரே, பக்கத்துல உக்காந்து நீரே பாரும். அது நெறையுற வரைக்கும் உமக்கும் அங்கதான் கஞ்சி."

மந்திரி இன்னும் ஊர் திரும்பல.