இளவரசி தூங்கிய கூட்டுவண்டி

முன்னே ஒரு காலத்தில் பூவரசூர் நாட்டை மருதப்பெருமாள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுக்காரர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் வேறொன்று சொல்வார். அவருக்குத் தேர் பிடிக்கும் என்று தெரிந்ததும் பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு தேர் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த தெருவுக்குப் போகவும் தேர்தான். கடைவீதி முழுக்கப் புழுதி, குதிரைச் சாணம், காதைப் பிளக்கும் சத்தம்.

அந்த வீதி ஓரமாகத்தான் செங்கமலம் இடுப்பில் பிள்ளையும் தலையில் கீரைக்கட்டுமாக நடப்பாள். ஒருநாள் ஒரு தேர் உரசிப் போனதில் பிள்ளையோடு சாக்கடையில் விழுந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கீரைதான் அத்தனையும் சேறாகிப்போனது. "நீயே போய் ராஜாகிட்ட ஒரு வழி கேளுடி" என்று கூட நடக்கும் மற்ற பெண்கள் அவளைச் சபைக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஊர்க் காரியங்களுக்குக் கஜானாப் பணம் கேட்கும் நாள் அது. செங்கமலம் தலை நிமிராமல் சொன்னாள்: "எல்லாரும் ஏறிப்போக ரெண்டு கூட்டு மாட்டுவண்டி வேணும், மகாராஜா. நடக்கிறவங்களுக்கு ஓரமா ஒரு பாதை..."

பொக்கிஷக்காரர் வீரபாகு சிரித்தார். ஊரிலேயே பெரிய தேர் அவருடையது. "அந்தப் பணத்தில் வீதியை இன்னும் அகலப்படுத்தலாம், மகாராஜா! கௌரவமுள்ளவன் எவனாவது கீரைக்காரியோடு ஒரே வண்டியில் உட்காருவானா?"

'போன வருஷமும் அகலப்படுத்தினீங்களே, தேர்தானே கூடுச்சு' என்று அவளுக்கு வாய்வரை வந்தது. வெட்கத்தில் விழுங்கிவிட்டாள்.

அதற்குள் உள்ளேயிருந்து, "வீல்!" கைக்குழந்தை இளவரசியின் அழுகை. ராஜா காதைப் பொத்திக்கொண்டார். "இந்தத் தேர்ச் சத்தத்தில் பிள்ளை தூங்கவில்லை. ராணி தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை! என் மகளை யார் தூங்கவைக்கிறாரோ அவருக்கே கஜானாப் பணம்!"

வீரபாகு பொன் தொட்டில் கொண்டுவந்தார். வீணைக்காரரைக் கூட்டிவந்தார். குழந்தைக்குக் கண் சொருகும், வாசலில் கடகடவென்று ஒரு தேர் போகும், மறுபடியும் "வீல்!"

செங்கமலம் ஒரு மாட்டுவண்டி கேட்டாள். நிறைய வைக்கோல் பரப்பினாள். "ராணியம்மா பிள்ளையோட ஏறுங்க. மகாராஜாவும் ஏறணும்." தானும் தன் பிள்ளையோடு ஏறி, வண்டிக்காரரிடம் மெதுவாகச் சொன்னாள்: "கடைவீதி நடுவுலயே ஓட்டுங்கண்ணே."

வண்டி அசைந்து அசைந்து போனது. வீதி முனை வருமுன்னே இளவரசி தூங்கிவிட்டாள். ராஜா மூச்சுவிடக்கூட பயந்தார்.

பின்னால் வீரபாகுவின் தேர் இடிமாதிரி வந்தது.

ராஜா துள்ளி எழுந்து உதட்டில் விரலை வைத்தார். "ஓய், நிறுத்தும்! இறங்கும்!"

"மகாராஜா, நான் எப்படி வீட்டுக்கு..."

"மூச்! ஏறும் இதில்!"

வீரபாகு ஏறினார். எதிரே வந்த தேர்க்காரர்களும் ஒவ்வொருவராக இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனைபோல ஏறினார்கள். நெருக்கியடித்து உட்கார்ந்ததில் செங்கமலத்தின் பிள்ளை வீரபாகுவின் மடிக்கு வந்து, அவர் மீசையைப் பிடித்துத் தொங்கியது. பாவம், கத்தவும் முடியவில்லை.

"கௌரவம் எப்படி இருக்கிறது?" என்று ராஜா கிசுகிசுத்தார்.

"வலிக்கிறது, மகாராஜா."

அரண்மனை வாசலில் வண்டி நின்றதும் இளவரசி சிணுங்கினாள். "நிறுத்தாதே, இன்னொரு சுற்று!" என்று ராஜா பதறினார். பிறகு செங்கமலத்தின் பக்கம் குனிந்தார். "ரெண்டு வண்டி போதுமா, தாயீ?"

இந்தத் தடவை அவள் விழுங்கவில்லை. "தெருவுக்கு ஒண்ணு வேணும், மகாராஜா. நடைபாதையையும் மறந்துடாதீங்க."

"தந்தேன். பொக்கிஷக்காரரே, அவிழும் பணமூட்டையை. சத்தம் வராமல்!"

அன்று சாயங்காலம் பூவரசூரில் அரசாணை அறிவித்தார்கள். முரசடிப்பவன் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, வீடு வீடாகப் போய்க் காதோடு சொல்லிவிட்டு வந்தான்.