கண்ணாடி அறை

மூடிக்கிடந்த நூற்பாலை ஒன்றை ஓர் அறக்கட்டளை வாங்கியது. கிராமத்துப் பள்ளிகளில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே இலவசப் பயிற்சி. நடத்தியவர் கருணாம்பிகை டீச்சர். கட்டடத்தை மாற்றியமைக்கும் பொறுப்பு செங்கோடனுக்கு. டீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முப்பது பள்ளிக்கூடம் கட்டியும் பள்ளிக்கூடம் என்றால் என்னவென்று தெரியவில்லை என்று சொல்லி, அவரிடமே கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தவர்.

நூற்புக் கூடத்தின் மேல் கண்ணாடி போட்ட அறை ஒன்று இருந்தது. மில் ஓடிய காலத்தில் சூப்பர்வைசர் அங்கிருந்துதான் கீழே வேலை செய்கிறவர்களைக் கவனிப்பார். செங்கோடன் அதை இடிக்கவில்லை. கீழே பயிற்சிக்கு வந்தவர்கள் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துவார்கள். மேலிருந்து பார்த்துக் குறிப்பெழுத வசதி.

நாகமணி என்பவள் மூன்று முறை பாடம் நடத்தினாள். மூன்று முறையும் பாதியில் நின்றுபோனாள்.

"அந்தப் பொண்ணை அனுப்பிடலாமுங்க டீச்சர்," என்றார் செங்கோடன். "பேச்சே வரமாட்டேங்குது."

"வெளிய மரத்தடியில அவ சொல்லிக்கொடுத்தா குழந்தைங்க அவளை விடறதில்லையே."

"அதுதான் எனக்கும் புரியலைங்க. கூடத்துல என்ன குறைச்சல்?"

"நாளைக்கு நீங்க நடத்துங்க. பின்னம்."

மறுநாள் செங்கோடன் ஒரு பப்பாளியை அறுத்துப் பாதி, கால் என்று காட்டினார். குழந்தைகள் சிரித்தார்கள். அப்போது மேலே, கண்ணாடிக்குப் பின்னால், யாரோ வந்து உட்காருவது தெரிந்தது. அடுத்து என்ன சொல்ல இருந்தோம் என்பது அவருக்கு மறந்துபோனது. கத்தியைக் கீழே வைத்தார்.

படியேறிப் போனார். நாகமணி உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அனுப்பியிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க," என்று எழுந்தாள். "பதினோரு வருஷம் கீழ மிஷின் பார்த்தேனுங்க. நூல் அறுந்தா இந்தக் கண்ணாடியைத்தான் முதல்ல நிமிர்ந்து பார்ப்போம். அப்புறந்தான் நூலைத் தேடுவோம்."

செங்கோடன் படியிறங்கினார். மாலையில் டீச்சரிடம் போனார்.

"கண்ணாடிக்குத் திரை போட்டுடட்டுங்களா?"

"திரைக்குப் பின்னாடி ஆள் இருக்கறது அவளுக்குத் தெரியாதா?"

"அப்ப அறையையே அடைச்சுடறேனுங்க. ஆனா நடத்தறதை யாராச்சும் பார்த்துத்தானே ஆகணும்? பார்க்கறவங்க எங்க உட்கார்றது?"

"குழந்தைங்களோட பாயில."

"அங்கிருந்து பார்த்து என்னத்தைங்க எழுதறது?"

"எழுத வேண்டாம். புரியலைன்னா கையைத் தூக்குங்க."