மான்குட்டி வாய் திறக்காத கதை

மானும் மனுசனும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், கரடு என்ற பாறைக்குன்றின் அடியில் இருந்த கரட்டடி ஊரில் வேட்டை உண்டு. ஆனால் மான்கள் குட்டி ஈனும் மாசம் வந்துவிட்டால் எல்லாரும் வில்லைப் பரணில் போட்டுவிடுவார்கள். பால் கொடுக்கிற தாயை அடிப்பது ஆகாது.

சடையனுக்குக் கறி தின்று பழகிய நாக்கு, சும்மா இருக்குமா? போதாததற்குக் கெட்டிக்காரன் வேறு. இலையை உதட்டில் வைத்து ஊதினால் மான்குட்டி தாயைத் தேடி அழுகிற மாதிரியே இருக்கும். அவன் வில்லை இறக்கியதும் மனைவி நாச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேணாம்யா. நம்ம வீட்டுலயும் ஒரு பச்சப்புள்ள இருக்கு."

"அட, போடி!" என்று கிளம்பிவிட்டான்.

உச்சிவெயிலில் புதர் மறைவில் உட்கார்ந்து ஊதினான். பால் சொட்டச் சொட்ட ஒரு பெண்மான் ஓடிவந்தது.

"கூப்பிட்டது யாரு?"

"நான்தான் ஆத்தா, உம்புள்ள!" சடையன் சிரித்தான்.

மான் ஓடவில்லை. அவனையே பார்த்தது. "எம்புள்ள குரலை நீ எடுத்துக்கிட்ட. அப்ப உம்புள்ளைய நான் எடுத்துக்கறேன்" என்றது, கோபமே இல்லாமல்.

அம்பை விட்டான். விலாவில் பட்டு மான் சாய்ந்தது. அது சொன்ன சொல் காதிலேயே நிற்க, அதை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

வாசலில் நாச்சி பேயறைந்தவளாக நின்றாள். இடுப்பில் மகள் மொட்டச்சி. காலைவரை மழலை பேசிய குழந்தை வாயைத் திறந்தால் மான்குட்டியின் அழுகை வந்தது.

அந்தச் சத்தத்துக்குக் கரட்டிலிருந்து பெண்மான்கள் இறங்கி வந்தன. பட்டப்பகல், ஊர்நாய் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. முன்னால் வந்த மானின் விலாவில் சடையனின் அம்பு அப்படியே இருந்தது.

"தெரியாம செஞ்சுட்டேன் தாயே, எம்புள்ளைய விட்டுரு!" மண்ணில் விழுந்து கதறினான்.

"தெரிஞ்சேதானப்பா செஞ்ச" என்றது மான்.

நாச்சி எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் குழந்தை நழுவி இறங்கியது. நாலு காலில் நடந்து மான்களோடு கலந்துவிட்டது. சடையன் பின்னாலேயே ஓடினான். கரட்டு மேட்டில் அம்பு பட்ட மான் குட்டிகளிடம் சொல்வது கேட்டது: "இனி யார் கூப்பிட்டாலும் வாயத் திறக்காதீங்க. அப்பன் குரலா இருந்தாலும் சரி."

"மொட்டச்சி! அப்பா வந்திருக்கேன்டி!" என்று புதர் புதராக விலக்கிப் பார்த்தான். ஒவ்வொரு புதரிலும் ஒரு குட்டி, கண்ணை அகல விழித்து, அசையாமல் படுத்திருந்தது. எது தன் மகள் என்று பெற்றவனுக்கே தெரியவில்லை.

தாய் மேயப் போனால் மான்குட்டி மூச்சுக் காட்டாமல் கிடப்பது அன்றையிலிருந்துதான். கரட்டடிக்காரர்களும் அன்றையிலிருந்துதான் தனியாகக் கிடக்கும் குட்டியைத் தொடுவதில்லை. அது எந்த வீட்டுப் பிள்ளையோ, யார் கண்டது!