கைவிலங்கில் நிற்காத குட்டி ராஜா

முறுக்கு உரலை இரண்டு கையாலும் அழுத்திப் பிழிந்துகொண்டிருந்தாள் அருளாயி. கூரை மேல் அவள் புருஷன் சவேரி, மூங்கில் சிம்பில் காகிதம் ஒட்டிய நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். விடிந்தால் கிறிஸ்துமஸ். இதெல்லாம் ரொம்பக் காலத்துக்கு முந்தி, பவளக்கரை என்ற கடலோரச் சீமையை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டபோது நடந்தது.

மகுடவர்மன் நல்லவர்தான். ஆனால் எந்த நேரம் என்ன நினைப்பார் என்று அவருக்கே தெரியாது. அழகாகத் தும்மினான் என்று ஒருவனுக்கு மாந்தோப்பையே கொடுத்தார். செருப்புச் சத்தம் பிடிக்கவில்லை என்று ஊரையே வெறுங்காலோடு நடக்க வைத்தார்.

அவருடைய மந்திரி பொன்னம்பலத்தார் எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவர். மந்திரி பேச்சுக்கு ராஜா தலையாட்டுவதைப் பார்த்தால் தளபதி சூரகேசரிக்கு வயிறு எரியும். மீனவர் குப்பத்துக் கிறிஸ்தவர்கள் நட்சத்திரம் கட்டிக்கொள்ள உத்தரவு வாங்கிக் கொடுத்தது மந்திரிதான் என்று தெரிந்ததும், ஆளை இதிலேயே கவிழ்த்துவிடலாம் என்று குதிரையேறி, குப்பத்தில் சவேரி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

எதற்கு இந்த நட்சத்திரம் என்று கேட்டார். சவேரி வெள்ளந்தி. ராஜா பிறக்கப் போகிறார், அதற்குத்தான் என்றான். தளபதி தடதடவென்று வீட்டுக்குள் நுழைந்தார். மூலையில் களிமண்ணால் செய்த குடில் இருந்தது. மாடு, கழுதை, அம்மா, அப்பா எல்லாம் பொம்மைகள். நடுவில் வைக்கோல் பரப்பிய தொட்டி மட்டும் காலி.

"உங்க ராஜா எங்கே?"

வேற்று ஆள் முன்னால் வாயே திறக்காத அருளாயி, அன்றைக்கென்று திறந்தாள். "இன்னும் வரலைங்க. இன்னைக்கு ராத்திரிதான் வருவாரு."

பண்டிகை ராத்திரிவரை பாலன் இயேசுவைத் தொட்டியில் வைப்பது வழக்கமில்லை. பழைய சேலைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். அதைச் சொல்வதற்குள் சவேரியின் கையில் விலங்கு ஏறிவிட்டது.

அரண்மனைக்குப் போய்த் தளபதி இதை ஏற்றிச் சொன்ன வேகத்தில் ராஜா சிம்மாசனத்தை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். என் சீமையில் இன்னொரு ராஜாவா? நாளைக் காலையில் அந்த ராஜா சபைக்கு வந்தாக வேண்டும், சமாதானம் சொல்ல வேண்டியது மந்திரி பொறுப்பு. சொல்லத் தவறினால் சவேரி நாடு கடக்க வேண்டும், குப்பம் காலியாக வேண்டும், மந்திரி பதவி தளபதிக்கு என்றார். பொன்னம்பலத்தார் கும்பிட்டார். "வரட்டும் மகாராஜா. தளபதியார் விலங்கோடு தயாரா இருக்கட்டும்."

சாயங்காலம் மந்திரி குப்பத்துக்கு வந்து, உங்கள் ராஜா எப்படி இருக்கிறாரோ அப்படியே கொண்டுவா தாயி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வாசலில் காவலுக்கு நின்ற சேவகர்களுக்கும் அருளாயி இலையில் முறுக்கு வைத்துக் கொடுத்தாள். பண்டிகை நாளில் வாசலுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. கண் துடைக்கக் கை ஒழியாததால் அழுதுகொண்டேதான் கொடுத்தாள்.

காலையில் இடுப்பில் தன் கைப்பிள்ளையும் கையில் துணிச்சுருளுமாகச் சபைக்குப் போனாள். தளபதி யானைக்குப் போடுகிற மாதிரி ஒரு விலங்கை வைத்துக்கொண்டு நின்றார். மந்திரி அவரையே விசாரிக்கச் சொன்னார்.

"உங்க ராஜாவோட கோட்டை எங்கே?"

அருளாயி தரையைப் பார்த்தாள். "மாட்டுத் தொழுவம்ங்க. ஊர்ல யாரும் எடம் கொடுக்கலை."

"படை?"

"மாடும் கழுதையும்தான்."

முதலில் போய்ப் பார்த்த பெரிய மனிதர்கள் யார் என்று கேட்டார். ஆடு மேய்க்கிறவர்கள் என்றாள். அப்புறம் தூரதேசத்து ஞானிகள் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே வழி கண்டுபிடித்து வந்ததையும், அதை நினைத்துத்தான் கூரை மேல் நட்சத்திரம் கட்டுவதையும் சொன்னாள்.

ராஜா ஆசனத்தின் நுனிக்கு நகர்ந்தார். "குடிகள்கிட்ட என்ன வரி வாங்குகிறான்?"

"வாங்கறதில்லைங்க. அவரு பிறந்த நாள்ல நாங்க பலகாரம் சுட்டு அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுப்போம். எந்த சாமியக் கும்புடறாங்கன்னு பாக்க மாட்டோம். பொங்கலுக்கும் தீவாளிக்கும் அவங்க கொடுத்ததைத் தின்னுதான் எங்க புள்ளைங்க வளருது. அதுக்கு நன்றி சொல்ல எங்களுக்கு இந்த ஒரு நாளுதாங்க."

"சரி, குற்றவாளியைத் தளபதி கையில் கொடும்மா" என்றார் மந்திரி.

அருளாயி துணியைப் பிரித்தாள். உள்ளங்கை அளவில் ஒரு மண்குழந்தை, தூக்கச் சொல்லிக் கேட்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இருந்தது.

"பூட்டுங்க தளபதியாரே."

ராஜா பார்க்கிறார், மறுக்க முடியுமா? பூட்டினார். விலங்கு தொங்கியது, குழந்தை நழுவியது. மறுபடி பூட்டினார், மறுபடி நழுவியது. கீழே விழுந்து உடைந்துவிடப் போகிறதே என்று விலங்கை எறிந்துவிட்டு, பதறிப்போய் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"மகாராஜா, இந்தக் குட்டி ராஜா ஆளைப் பிடிக்கிற விதம் இதுதான். இனி இவரை உங்களுக்கு எதிரின்னு நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றார் மந்திரி. ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது.

சவேரிக்கு அப்போதே விடுதலை. மந்திரிக்கு முத்துமாலை. குப்பத்துக்கு இனி வருஷா வருஷம் அரண்மனை வெல்லமும் எண்ணெயும். தளபதிக்கு மட்டும் வேறு உத்தரவு: குதிரை இல்லாமல், அருளாயி வீட்டுப் பலகாரத் தட்டை ஊர்த்தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோக வேண்டும். இது என்ன பண்டிகை என்று யார் கேட்டாலும் பொறுமையாக விளக்க வேண்டும்.

மத்தியானம் வாசலில் வந்து நின்ற தளபதிக்குத் தட்டைத் துணியால் மூடிக் கொடுத்தாள் அருளாயி. அவர் குரல் இறங்கியிருந்தது. "தொழுவம், நட்சத்திரம் எல்லாம் சொல்லிடுவேன்மா. அவர் பிறந்ததால உங்களுக்கு என்ன கிடைச்சதுன்னு கேட்டா?"

"எனக்குப் பேசத் தெரியாதுங்கய்யா. எம் புருஷன் வீடு திரும்பிட்டாரு, அதுக்கே ஆயுசுக்கும் நன்றி சொல்லணும். நேத்து உங்களைப் பார்த்து உடம்பெல்லாம் நடுங்குச்சு. இன்னைக்குத் தட்டைக் கொடுக்கறப்ப, உங்க மேல இருந்த கோவத்தைத் தேடிப் பார்த்தேன், காணோம். அது ஏன்னா, அவரு..."

"அருளாயி" என்று உள்ளேயிருந்து சவேரி கூப்பிட்டான். அவள் உள்ளே போக, கோவம் காணாமல் போனதையே பதிலாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தளபதி தட்டைத் தூக்கிக்கொண்டு முதல் வீட்டுக்கு நடந்தார்.